கட்டில் நாடா கட்டிய ஸ்கேட்டு

இந்த அத்தியாயத்தை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். உண்மையில் இந்தத் தொடரில் முதல் வாரமே எழுத நினைத்தது இதைத்தான். பேனாவை எடுப்பேன், திருச்செந்தூரானை நினைத்துப் பிள்ளையார் சுழி போடுவேன். அப்புறம் மனசு வராமல் குழாயடிச் சண்டையையோ ரேஷன் கடை வரிசையையோ எழுதி அனுப்பிவிடுவேன். நீங்களும் படித்துச் சிரித்துவிட்டுக் கடிதம் போட்டீர்கள்.

தயக்கத்துக்குக் காரணம் என் சின்னம்மை. என்னைப் பெற்றவள் போன பிறகு என் அப்பா கட்டிக்கொண்டு வந்தவள். "நானும் எங்க அண்ணனும் உசிரோட இருக்கிற வரைக்கும் இதை யாருட்டயும் மூச்சு விடாதட்டி" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவள் அண்ணன் முதலில் போனார். அவளும் போய்விட்டாள். அதற்கப்புறமும் எனக்குக் கை ஓடவில்லை. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். அழகாக எழுத வராது. அவளைப் பற்றி ஒரு வார்த்தை கூடக்குறைய விழுந்துவிடுமோ என்ற பயம்தான்.

போன கார்த்திகையில் விளக்கேற்றும்போது எழுதிவிடு என்று மனசு சொன்னது. முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

கண்ணை மூடினால் முதலில் தெரிவது ஒரு காலி இடம். பம்பாய் தாராவியில் எங்கள் சாலில், வரிசையாக ஒட்டியிருந்த அறைகளில் எங்கள் ஒற்றை அறையில், சாமிப் பலகைக்குக் கீழே. சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன். வீடு கழுவி விட்டிருக்கிறது. சிமெண்டுத் தரை ஈரமாக மின்னுகிறது. மஞ்சள் தண்ணீர் வாசனை. சாமிப் படங்களுக்குச் சந்தனம் வைத்தாகிவிட்டது. கீழே இருக்க வேண்டிய என் ஸ்கேட்டைக் காணோம்.

பாவாடை நனைவதைப் பார்க்காமல் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். தரை சில்லென்று இருந்தது. கழுத்துக் கயிற்றில் தாயத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த ஸ்கேட்டுச் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சாவியும் ஸ்கேட்டும் எங்களிடம் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

வெள்ளைக்காரப் பிள்ளை, பார்சிப் பிள்ளை, அப்புறம் நான்

இப்போது என் பேரன் போடுகிற ஸ்கேட்டைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. பிளாஸ்டிக் பூட்ஸ், தலைக்குத் தொப்பி, முழங்காலுக்குக் கவசம். போருக்குப் போகிற மாதிரி கிளம்புகிறான். எங்கள் காலத்து ஸ்கேட்டு வெறும் இரும்புத் தகடு. அடியில் நாலு இரும்புச் சக்கரம். கணுக்காலுக்கும் விரல்களுக்கும் தோல் வார். நடுவில் ஒரு திருகு இருக்கும். சாவியை அதில் மாட்டித் திருகினால் தகடு நீளும், குறையும். பிள்ளையின் கால் வளர்ந்தால் ஸ்கேட்டும் கூடவே வளரும்.

இது பிள்ளைகளுக்காக வந்த சாமானே இல்லையாம். அம்மா வேலை செய்த வீட்டுப் பார்சிக்காரம்மா சொல்வார். அவருடைய தாத்தா காலத்தில் துரைமாரும் துரைசாணிமாரும்தான் மரச் சக்கரம் கட்டிக்கொண்டு, பேண்டு வாத்தியம் வாசிக்கப் பெரிய கூடத்தில் சுற்றிச் சுற்றி வருவார்களாம். விழுந்தால் தூக்கிவிட ஆள் நிற்குமாம். பெரியவர்களுக்கு அது அலுத்துப்போன பிறகு பிள்ளைகள் கைக்கு வந்து, கூடத்திலிருந்து தெருவுக்கு இறங்கிவிட்டது.

நான் சொல்லுகிறது யுத்த காலம். விளக்குக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்த வருஷங்கள். கப்பலில் பொம்மை வருவது நின்றுபோயிற்று. அதனால் ஏற்கெனவே ஊரில் இருந்த ஸ்கேட்டுகள்தான் கைமாறிக் கைமாறி வந்தன. கோட்டைப் பக்கம் வெள்ளைக்காரப் பிள்ளைக்குக் கால் வளர்ந்தால் அது தாதர் பார்சிப் பிள்ளைக்கு வரும். மாதுங்காவில் ஆபீஸ்காரர் வீட்டுப் பையன்கள் சிலரிடமும் பார்த்திருக்கிறேன். தாராவிக்கு அது வந்ததில்லை. எங்கள் பையன்களுக்கு பேரிங் வண்டிதான். பட்டறையில் தேய்ந்து கழித்த பேரிங்கைப் பலகையில் மாட்டி, ஒருத்தன் உட்கார ஒருத்தன் தள்ளுவான். சாலே அதிரும்.

எங்கள் சந்தில் முதலில் ஸ்கேட்டு வந்தது என் அம்மாவின் மடியில்தான்.

அம்மாவின் கை

என்னைப் பெற்றவள் பெயர் கோமதி. அப்பா தாராவியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அம்மா தினமும் நடந்துபோய் தாதர் பார்சிக் காலனியில் ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கித் துணி துவைத்து வருவாள். ஒருநாள் சேலை முந்தானையில் எதையோ சுற்றிக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டு வந்தாள். இறக்கி வைத்ததும் 'கிணுங்' என்றது.

"அந்த வீட்டுப் பையனுக்குக் காலு பெருசாயிட்டு. நம்ம பூரணத்துக்குக் கொடுன்னு அந்தம்மா குடுத்தாவ" என்றாள்.

"இதைப் போட்டுக்கிட்டு இந்தச் சகதியில எங்கன ஓட?" என்று அப்பா சிரித்தார்.

அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் சந்தில் ஸ்கேட்டு ஒரு சாண் நகராது. ஆனால் சந்து முடிகிற இடத்தில் யுத்தத்துக்காகக் கட்டிய ஒரு கோடவுன் இருந்தது. அதன் முன்னால் நல்ல வழவழப்பான சிமெண்டு முற்றம். ஞாயிற்றுக்கிழமை லாரி வராது. காவலுக்கு இருந்த வடநாட்டுக்காரர் பையாவுக்கு அம்மா கொஞ்சம் மோர் கொடுப்பாள். அவர் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

பூட்ஸ் போட்ட காலுக்குச் செய்த சாமான் அது. என் வெறுங்காலுக்கு அம்மா பழஞ்சேலையை மடித்து மெத்தை வைத்து வாரை இழுத்துக் கட்டுவாள். சக்கரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடுவாள். அப்புறம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பாள், முகம் மட்டும் என்னைப் பார்த்தபடி. இரும்புச் சக்கரம் சிமெண்டில் 'கர்ர்ர்' என்று போகும். அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறிப் பல்லு வரைக்கும் வரும். அவள் கையில் சோப்பு வாசனை.

அடுத்த மழைக்காலத்தில் குளிர்காய்ச்சல் வந்து அம்மா போய்விட்டாள்.

அவளுக்கு ஒரு போட்டோ கிடையாது. சேலைகளை முறைப்படி கொடுத்துவிட்டார்கள். எனக்கென்று மிஞ்சியது ஸ்கேட்டுதான். அதை நான் சாமிப் பலகைக்குக் கீழே வைத்தேன். அப்பாவும் அதை அங்கேயே விட்டுவிட்டார். தினமும் சாமி கும்பிட்டுவிட்டுக் குனிந்து அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். ஓட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். பிடித்துக்கொள்ள ஆள் இல்லை.

சுவரோடு பேசிய காலம்

ஒரு வருஷம் கழித்து அப்பா ஊருக்குப் போய் வடிவைக் கட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கு அப்போது பதினேழு வயது இருக்குமோ என்னவோ. எனக்குப் பத்து. விக்டோரியா டெர்மினஸில் இறங்கினபோது அவள் கையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் சேலைக்கு நடுவில் ஒரு பித்தளைச் சொம்பு. சீராக வந்த மற்றப் பாத்திரங்களை ரயிலில் தூக்க முடியாதென்று அண்ணன் வீட்டிலேயே விட்டுவிட்டாளாம். சொம்பை மட்டும் விடவில்லை.

நல்லவள்தான். எனக்குத் தலை பின்னிவிட்டாள், சோறு போட்டாள். ஆனால் அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது? சாலில் பெண்கள் எல்லாரும் "அம்மான்னு கூப்பிடுட்டி" என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. சின்னம்மை என்றும் வரவில்லை. ஒன்றும் சொல்லாமலே காலம் தள்ளினேன். பசித்தால் சுவரைப் பார்த்து, "பசிக்கு" என்பேன்.

பக்கத்து அறை மாரியக்கா வாய்க்காரி. "ஏட்டி, சுவருக்கா பசிக்கு? அது செங்கல்லைத் தின்னுட்டுக் கெடக்கும், நீ பேசாம போ" என்பாள்.

வடிவு அதற்கும் கோபப்பட மாட்டாள். தட்டை எடுத்து வைப்பாள். ஊர்விட்டு ஊர் வந்து, பாஷை தெரியாமல், குழாயடியைத் தாண்டி அவள் எங்கேயும் போனதில்லை. சந்தில் யாராவது இந்தி பேசினால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

வாசலில் வைத்தது

இப்போது அந்த ஈரத் தரைக்கு வருகிறேன்.

நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வடிவு அடுப்படியிலிருந்து வந்தாள். "ஏன் ஈரத்துல இருக்க? எழும்பு."

நான் சுவரைப் பார்த்து, "இங்கன இருந்ததை எங்க?" என்றேன்.

"அந்தச் சக்கரம் வச்சதா? அது காலுல போடுததுல்லா. தோலு வாரு வேற. நாளைக்குச் சாமி கும்பிடுத எடத்துல அதை எப்படி வைக்கது? வெளிய செருப்போட வச்சிருக்கேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் எவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். காலில் போடுகிற தோல் சாமிக்குப் பக்கத்தில் கூடாது. அவளுக்கு அது யாருடைய சாமான் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்பா அம்மாவைப் பற்றி வாயே திறக்க மாட்டார். நானோ சுவரோடு பேசுகிறவள்.

வெளியே ஓடினேன். வாசலில் ஒரு செருப்பும் இல்லை.

மாரியக்கா தன் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "பூசைக்கு வராந்தாவைச் சுத்தம் பண்ணணும்னு பிஞ்ச செருப்பு, ஓட்டை வாளி எல்லாம் அந்த பங்கார்காரன்ட்ட போட்டேன்" என்றாள். பழைய சாமான் வாங்குகிறவனை பம்பாயில் பங்கார்வாலா என்போம். "உங்க வாசல்ல கெடந்ததையும் சேத்துதான் அள்ளுனேன். செருப்போட செருப்பாக் கெடந்துச்சு, யாருக்குத் தெரியும்?"

நான் அழவில்லை. உள்ளே வந்து அந்த ஈரத்திலேயே மறுபடி உட்கார்ந்தேன். சோறு வேண்டாம் என்றேன். அதையும் சுவரிடம்தான் சொன்னேன்.

அப்பா பட்டறையிலிருந்து வந்தார். என்னைப் பார்த்தார், பலகைக்குக் கீழே பார்த்தார். "யாரு எடுத்தா?"

"நான்தான் வெளிய வச்சேன். பங்கார்காரன் கொண்டு போயிட்டானாம்" என்றாள் வடிவு. மாரியக்கா பெயரை இழுக்கவில்லை. "அது யாருது?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டு, "அவ அம்மைக்குள்ளது" என்றார்.

வடிவு அப்படியே நின்றாள். கையில் கரண்டி. அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவள் போய் இறக்கவில்லை.

இத்னி சோட்டி மா

மறுநாள் காலையில் அப்பா பட்டறைப் பூஜைக்குக் கிளம்பிப் போனதும் அவள் தலையை முடிந்துகொண்டாள்.

"ஏட்டி, அந்த ஆளுக்குக் கடை எங்கன இருக்குன்னு தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

"எனக்கு வழியும் தெரியாது, பாஷையும் தெரியாது. நீ கூட்டிட்டுப் போ."

இடுப்பில் எதையோ முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். தண்ணீர்ச் சொம்பு என்று நினைத்தேன். குழாயடியைத் தாண்டினதும் என் கையைப் பிடித்தாள். நான் அவளைப் பிடிக்கவில்லை, அவள்தான் என்னைப் பிடித்திருந்தாள். உள்ளங்கை வேர்த்துக் குளிர்ந்திருந்தது. கும்பார்வாடாவில் பானை சுடுகிற புகை. எதிரே கைவண்டி வந்தால் என் பின்னால் ஒதுங்கிக்கொள்வாள். என்னைவிட ஒரு முழம் உயரம், என் பின்னால் ஒளிகிறாள்!

ரயில் தண்டவாளத்துப் பக்கம் தகரக் கொட்டகை. வாசலில் பங்கார்க்கார சாச்சா குந்தி உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். பின்னால் இரும்பு ஒரு குன்று, தகரம் ஒரு குன்று. மலையிலே சாமியைத் தேடுகிற மாதிரி பார்த்தேன். சைக்கிள் சங்கிலிக்கும் ஓட்டை வாளிக்கும் நடுவே சக்கரம் தெரிந்தது.

"சாச்சா, வோ மேரா ஹை!" அது என்னுடையது என்று கத்தினேன்.

எடுத்துப் போட்டார். ஜோடியாகத்தான் இருந்தது. ஆனால் தோல் வாரை எல்லாம் அறுத்துவிட்டிருந்தார். "சம்டா அலக், லோஹா அலக்" என்றார். தோலைத் தோல்காரனுக்கும் இரும்பை இரும்புக்காரனுக்கும் பிரித்துப் போடுவதுதான் அவர் தொழில். யுத்தத்தால் இரும்புக்கு இப்போது கிராக்கி, சும்மா தர முடியாது என்றும் சொன்னார்.

அதை நான் வடிவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் முந்தானையை விலக்கிப் பித்தளைச் சொம்பை எடுத்தாள்.

சாச்சா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யே கோன் ஹை தேரி?" இவள் உனக்கு யார் என்று கேட்டார்.

சாலில் அத்தனை பேர் சொல்லியும் வராத வார்த்தை அது. எனக்குத் தெரிந்த குழாயடி இந்தியில் சின்னம்மைக்கு என்ன சொல்வதென்று தெரியாது. யோசிக்கவும் நேரமில்லை.

"மேரி மா" என்றேன்.

அவர் பீடிப் புகையோடு சிரித்தார். "இத்னி சோட்டி மா?" இவ்வளவு சின்ன அம்மாவா என்று கேலி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஹாங்! மேரி மா!" என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

என் கையைப் பிடித்திருந்த கை ஒரு தரம் இறுகியது. அவளுக்குத்தான் இந்தி தெரியாதே, அவர் சிரித்ததில் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சாச்சா சொம்பைத் தராசில் வைத்தார். வெயில் பட்டது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுவது நம் வழக்கம்தானே. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"இ... சக்... கியம்மாள். இசக்கியம்மாள். அது யாரு?"

வடிவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கையை நீட்டி, தராசில் இருந்த சொம்பின் மேல் கட்டைவிரலை ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு நகர்த்தினாள், நான் வாசித்த அதே வரிசையில்.

"எங்க அம்மை" என்றாள்.

"ஊர்ல இருக்காவளா?"

"இல்ல. எனக்கு உன் வயசு கூட இல்ல அப்போ."

அதுவரைக்கும் எனக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை.

"வேண்டாம், குடுக்காதீங்க. சொம்பை எடுங்க. வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சும்மா இருட்டி. எங்க அம்மை பேரை இப்ப நீ வாசிச்சுட்டல்லா? உனக்குத் தெரியும்லா? அது போதும். இதை இன்னைக்கு விட்டா நாளைக்கு உருக்கிப் போடுவான்" என்றாள்.

சாச்சாவுக்குக் கொள்ளை லாபம். பித்தளை எங்கே, துரு ஏறின இரும்பு எங்கே? சந்தோஷத்தில் ஒரு சைக்கிள் மணியைச் சும்மா கொடுத்தார். வடிவு அதை வேண்டாமென்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் அவள் மடியில் அது 'டிங் டிங்' என்று அடித்துக்கொண்டே வந்தது.

மாடு இந்தா நிக்கி

அன்று மாலை பூஜை. அப்பா லேத் பட்டறையிலிருந்து காலிப்பரையும் ஸ்பானரையும் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். என் பாடப்புத்தகம், வடிவின் அரிவாள்மணை எல்லாம் பலகைக்கு முன்னால் வரிசையாக இருந்தன. பொரியும் கடலையும் தட்டில். சர்க்கரை ரேஷனில் வரவில்லை, வெல்லம்தான்.

ஸ்கேட்டைப் புளி போட்டுத் தேய்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள் வடிவு. "வாரு போயிட்டு. ஆனா இது காலுல போடுததுதானே. சாமி முன்னால வைக்கலாமா?" என்று அப்பாவைக் கேட்டாள். எல்லாம் ஆன பிறகும் அவளுக்கு அந்தச் சந்தேகம் போகவில்லை. பயபக்தி உள்ளவள்.

அப்பா அதை வாங்கிச் சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அது சுற்றியது. நிற்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சக்கரம் இருந்தா அது வண்டி. பட்டறைக் கைவண்டிக்கே பொட்டு வச்சுட்டுதான் வாரேன். வை" என்றார்.

வாசலில் நின்ற மாரியக்கா சும்மா இருப்பாளா? "வண்டின்னா மாட்டைக் காணோமே!"

"மாடு இந்தா நிக்கி" என்று என் தலையைத் தொட்டார் அப்பா. அம்மா போன பிறகு அவர் சொன்ன முதல் கேலிப் பேச்சு அது.

வடிவு ஸ்கேட்டுக்குச் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். என் கழுத்துச் சாவியையும் இழுத்து அதற்கும் ஒரு பொட்டு. அப்புறம் சத்தமில்லாமல் ஸ்கேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் தினமும் செய்வதை அவள் கவனித்திருக்கிறாள்.

விஜயதசமி

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடிகிற வரை தொடக்கூடாது. விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிவிட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். "ஒரு வரியாவது வாசி. இன்னைக்கு எதைத் தொடங்குனாலும் நல்லா வரும்."

வாசித்தேன். அப்புறம் அவள் தானே ஸ்கேட்டை எடுத்தாள். வாருக்கு என்ன செய்ய என்று நான் யோசிக்கும் முன்னே, அப்பா படுக்கிற கட்டிலிலிருந்து நாடாவை ஓரமாக உருவி வெட்டி, அளவெடுத்துத் தைத்து வைத்திருந்தாள். நல்ல முரட்டு நூல் நாடா. அந்தக் கட்டில் அப்புறம் ஒரு பக்கம் தொட்டிலாகத் தொங்கியது. "ஸ்கேட்டுக்கு வாரு ஆச்சு, எனக்கு முதுகு போச்சு" என்று அப்பா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

தசராவுக்குக் கோடவுன் மூடியிருந்தது. காவல்கார பையா சாமந்தி மாலையைக் கதவில் கட்டிவிட்டு எங்கோ போயிருந்தார். முற்றத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

வடிவு என் காலில் கட்டிவிட்டாள். எழுந்து நின்று கையை நீட்டினேன். அவளுக்குப் பிடித்து நடத்தத் தெரியவில்லை. பக்கவாட்டில் நின்று தோளைத் தள்ளினாள். இரண்டு பேரும் சுவரில் போய் முட்டினோம்.

"இது எப்படிட்டி போவுதுன்னு எனக்குத் தெரிஞ்சாத்தான பிடிக்க முடியும்?"

"அப்போ நீங்களும் தொடங்குங்க. இன்னைக்குத் தொடங்குனா நல்லா வரும்னு சொன்னீங்கல்லா?"

"ஏட்டி, போ! நான் கலியாணமானவ!" என்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். சேலையைக் கொசுவிச் செருகினாள். சாவியை வாங்கித் தகட்டை நீட்டச் சொன்னாள்.

இடது கால் ஸ்கேட்டு எனக்கு, வலது கால் ஸ்கேட்டு அவளுக்கு. தோளோடு தோள் கைகோத்துக்கொண்டோம். வெறுங்கால் இரண்டும் நடுவில், சக்கரக்கால் இரண்டும் வெளியே. நடுக்காலால் உந்தினால் வெளிக்கால் உருளும். முதலில் விழுந்தோம். அவள் கண்ணாடி வளையல் உடைந்தது. நாள் கிழமையில் வளையல் உடைந்ததே என்று பயந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை. சின்னப் பிள்ளைச் சிரிப்பு. மூச்சு வாங்குகிற சிரிப்பு.

"இன்னொரு தரம் போவோமா சின்னம்மை?" என்றேன்.

அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. கடைசி வரைக்கும் அதுவேதான்.

கர்ர்ர் என்று சக்கரம் ஓடியது. அதே அதிர்வு உள்ளங்காலில் ஏறிப் பல்லு வரைக்கும் வந்தது.

நெருளில் ஒரு சாயங்காலம்

அந்த ஸ்கேட்டில் பின்னால் சின்னம்மைக்குப் பிறந்த என் தம்பிமார் ஓட்டினார்கள். அப்புறம் நாங்கள் செம்பூர் திலக் நகருக்குப் போனபோது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் ஓட்டினார்கள். நாடா இற்றுப்போனால் சின்னம்மை புது நாடா தைப்பாள். கடைசியில் எந்தப் பிள்ளை கால் வளருமுன்னே வேறு ஊருக்குப் போனதோ, அதன் கூடவே போய்விட்டது. நான் தேடவில்லை. அது அப்படிப் போகிற சாமான்தான். சாவி மட்டும் என் பூஜை மாடத்தில் இருக்கிறது.

சொம்பு எங்கே என்று அவள் அண்ணன் வரும்போதெல்லாம் கேட்பார். "குழாயடியில தொலைஞ்சிட்டு" என்பாள். "அம்மைக்குள்ள ஒரே சொம்பு, அதையுமா தொலைப்ப?" என்று வைவார். தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வாள். நான் வாயைத் திறக்கப் போனால் கண்ணாலேயே அடக்குவாள்.

கடைசி வருஷம் நவி மும்பை நெருளில் தம்பி வீட்டில் இருந்தாள். நான் பார்க்கப் போயிருந்தேன். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். கீழே பிள்ளைகள் ஸ்கேட்டிங் வகுப்பு. இந்தியில் ஒரே கூச்சல். அவளுக்கும் அதற்குள் நன்றாகவே இந்தி வந்திருந்தது.

"பூரணம், அன்னைக்கு அந்த சாச்சாட்ட நீ சொன்னது எனக்கு அப்பவே புரிஞ்சுது" என்றாள்.

"என்னது?"

"மேரி மா." கீழேயே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதுக்குப் பாஷை தெரியணுமா? அதான் சொம்பை நீட்டுன கையைத் திருப்பி எடுக்கல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை குளிர்ந்திருந்தது, அன்றைக்கு மாதிரியே.

இதைப் படிக்கிற தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் ஒரு விண்ணப்பம். இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்ன மாதிரியே சொல்லுங்கள். கதை சொல்லும்போது மாற்றாந்தாயைக் கொடுமைக்காரியாக்குவது நம் வாய்க்குப் பழக்கம். இல்லாவிட்டால் தெய்வமாக்கிவிடுவோம். இரண்டும் வேண்டாம். அவள் என் அம்மாவின் ஸ்கேட்டை வாசலில் வைத்தாள். அவளே போய் மீட்டுக்கொண்டு வந்தாள். இரண்டையும் சொல்லுங்கள்.

ஊர் மறந்தாலும், வருஷம் மறந்தாலும் பரவாயில்லை. ஒரு பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அந்தச் சொம்பு அந்த வாரமே உருகிப்போயிருக்கும். அந்தப் பெயர் வேறு எங்கேயும் எழுதி இல்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாததால், வாசித்துவைக்கும்படி என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். நான் உங்களிடம் கொடுக்கிறேன்.

இசக்கியம்மாள்.